நின்று நின்று போகும் பழைய கார்: திருகாணியைத் தொடும் முன் காரணத்தைத் தேடுங்கள்

காலை ஐந்தரை மணி. ரெங்காம் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றின் லயத்து வாசலில் பழைய புரோட்டோன் வீரா ஒன்று கிளப்பப்படுகிறது. எஞ்சின் ஓடத் தொடங்குகிறது, இரண்டு முறை குலுங்குகிறது, அடங்கிவிடுகிறது. மூன்றாவது முறை ஆக்சிலரேட்டரை மிதித்துப் பிடித்தால்தான் உயிர் தங்குகிறது. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டால், குளுவாங் பட்டணத்துச் சமிக்ஞை விளக்கில் மறுபடியும் அதே கதை. இடது காலில் கிளட்ச், வலது காலின் நுனியில் பிரேக், அதே காலின் ஓரத்தில் ஆக்சிலரேட்டர் என்று ஓட்டுநர் சர்க்கஸ் செய்கிறார். பச்சை விளக்கு எரியும் நேரத்தில் கார் நின்றுவிடுகிறது. பின்னால் லோரியின் ஹாரன்.

ஜொகூரில் பழைய கார் வைத்திருக்கும் பலருக்கும் பழக்கமான காட்சி இது. இதற்கு அடுத்து நடப்பதும் பழக்கமானதுதான். பட்டறைக்குப் போனால் முதலில் பிளக்கை மாற்றுகிறார்கள். ஒரு வாரம் நன்றாக ஓடுகிறது. பிறகு காயில், பிறகு பெட்ரோல் பம்ப் என்று ஒவ்வொன்றாக மாறுகின்றன. கடைசியில், “எஞ்சினே போய்விட்டது, வேறு எஞ்சின் போட்டுவிடலாம்” என்ற பேச்சு வருகிறது. பேருந்து அடிக்கடி வராத தோட்டத்தில் அந்த ஒரு கார்தான் வேலைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும். அதனால் கடன் வாங்கியாவது செலவு செய்கிறார்கள்.

இப்படி நிற்கும் கார்கள் எல்லாவற்றுக்கும் எஞ்சின் கெட்டிருப்பதில்லை. காற்று கசியும் ஒரு ரப்பர் குழாய், அழுக்கு படிந்த ஒரு காற்றுவாய், தேய்ந்த பிளக் போன்ற சிறிய காரணங்களே பெரும்பாலும் பின்னால் இருக்கும். அவற்றை மலிவானதிலிருந்து விலை கூடியது வரை வரிசையாகப் பார்த்தால் பணமும் மிஞ்சும், பாதுகாப்பும் கிடைக்கும்.

நிற்கும்போது மட்டும் ஏன் குலுங்குகிறது?

கார் நகராமல், ஆக்சிலரேட்டரில் கால் படாமல் எஞ்சின் மட்டும் ஓடும் நிலையை ‘ஐட்லிங்’ என்கிறோம். பெரும்பாலான கார்களில் அப்போது எஞ்சின் நிமிடத்துக்கு 700 முதல் 900 சுற்று வரை சுற்றும். நான்கு சிலிண்டர் எஞ்சின் 800 சுற்றில் ஓடினால், நிமிடத்துக்கு 1,600 முறை, அதாவது நொடிக்கு ஏறத்தாழ 27 முறை பெட்ரோல் எரிகிறது. ஒவ்வொரு முறையும் காற்று, பெட்ரோல், தீப்பொறி மூன்றும் சரியான அளவில், சரியான நேரத்தில் சேர வேண்டும். ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய எடையில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று தேவை.

ஐட்லிங்கில், காற்றை உள்ளே விடும் ‘திரோட்டல்’ கதவு கிட்டத்தட்ட மூடியிருக்கும். எஞ்சின் மிகக் குறைந்த காற்றிலேயே ஓடும். எங்காவது ஒரு குழாயில் விரிசல் விழுந்து கூடுதல் காற்று புகுந்தால், அந்தச் சிறிய அளவே கலவையைக் கெடுக்கப் போதும். இளநீர் உறிஞ்சும் குழாயில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்தால் இளநீருக்குப் பதில் காற்று வருவது போலத்தான் இதுவும். அதே கார் நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது கதவு அகலத் திறந்திருப்பதால் அந்தக் கசிவு ஒரு பொருட்டாகத் தெரியாது.

இதிலிருந்தே முதல் துப்பு கிடைக்கிறது. வேகமாகப் போகும்போது நன்றாக ஓடி, நிறுத்தும்போது மட்டும் குலுங்கும் கார் என்றால் காற்றுக் கசிவு, அழுக்கான திரோட்டல், ஐட்லிங் வால்வு ஆகியவற்றின் மீது சந்தேகப்படலாம். நிற்கும்போது நன்றாக இருந்து, மேட்டில் ஏறும்போதோ வேகம் எடுக்கும்போதோ திணறினால், பெட்ரோல் போதுமான அளவு வரவில்லை என்று எண்ண இடம் உண்டு.

உங்கள் கார் எந்த வகை?

1985 ஜூலையில் அறிமுகமான புரோட்டோன் சாகா, மிட்சுபிஷியின் 1.3 லிட்டர் எஞ்சினுடன் வந்தது. அதில் பெட்ரோலையும் காற்றையும் கலந்தது கார்புரேட்டர். பின்னர் வந்த ஈஸ்வராவிலும், 1993இல் வந்த வீராவின் தொடக்க கால 1.3, 1.5 லிட்டர் வகைகளிலும் கார்புரேட்டரே இருந்தது. 1994இல் பெரோடுவா வெளியிட்ட கஞ்சிலின் 660 சிசி எஞ்சினுக்கு மூன்றே சிலிண்டர்கள். அதில் ஒரு சிலிண்டர் வேலை செய்யாவிட்டால் மூன்றில் ஒரு பங்கு சக்தி போய்விடும். அதனால்தான் பிளக் கெட்ட கஞ்சில் அப்படி உதறுகிறது.

வீராவின் 1.6 லிட்டர் வகையிலும், பின்னால் வந்த வாஜா, மைவி போன்ற கார்களிலும் பெட்ரோலைக் கணினி அளந்து தெளிக்கும் ‘இன்ஜெக்‌ஷன்’ முறை உண்டு. எம்பிஐ, இஎஃப்ஐ என்று காரின் பின்புறத்தில் ஒட்டியிருப்பது இதைத்தான் குறிக்கிறது. 2005இல் வந்த முதல் மைவிக்கும் இப்போது இருபது வயது தாண்டிவிட்டது. ‘பழைய கார்’ என்றால் சாகாவும் ஈஸ்வராவும் மட்டும்தான் என்ற காலம் போய்விட்டது.

உங்கள் கார் எந்த வகை என்று தெரிந்துகொள்ள பானெட்டைத் திறந்து பாருங்கள். வட்டமான காற்று வடிகட்டிப் பெட்டி எஞ்சினின் நடுவே தொப்பி போல உட்கார்ந்திருந்தால் அதன் அடியில் பெரும்பாலும் கார்புரேட்டர் இருக்கும். வடிகட்டிப் பெட்டி ஓரமாக இருந்து, அங்கிருந்து தடித்த ரப்பர் குழாய் எஞ்சினுக்குப் போனால் அது பெரும்பாலும் இன்ஜெக்‌ஷன் வகை. சந்தேகம் இருந்தால் மெக்கானிக்கிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம்.

ஒரு வாரம் குறித்து வையுங்கள்

காய்ச்சலோடு வருபவரிடம் மருத்துவர் முதலில் “எப்போதிலிருந்து? இரவிலா, பகலிலா?” என்று கேட்பார். காருக்கும் அதே கேள்விதான். பட்டறைக்குப் போகும் முன் ஒரு வாரம், கார் எப்போதெல்லாம் நின்றது என்று ஒரு தாளிலோ கைப்பேசியிலோ குறித்து வையுங்கள்.

காலையில், எஞ்சின் சூடேறும் முன் மட்டும் நின்றால்: கார்புரேட்டர் காரில் ‘சோக்’ சரியாக மூடவில்லை என்று பொருள் கொள்ளலாம். இன்ஜெக்‌ஷன் காரில் ஐட்லிங் வால்வையும், எஞ்சின் நீரின் சூட்டைக் கணினிக்குச் சொல்லும் சென்சாரையும் பார்க்க வேண்டும். எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்பது கணினிக்குத் தெரியாமல் போனால், அது தேவையான கூடுதல் பெட்ரோலைத் தராது.

நன்றாகச் சூடேறிய பிறகு நின்று, அரை மணி நேரம் ஆறியதும் மறுபடி கிளம்பினால்: இக்னிஷன் காயில், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் மின்னணுப் பகுதி, எஞ்சின் சுழற்சியைக் கவனிக்கும் சென்சார், பெட்ரோல் பம்ப் ஆகியவை சந்தேகப் பட்டியலில் வரும். சூட்டில் செயலிழந்து, ஆறியதும் உயிர் பெறுவது இவற்றின் குணம்.

ஏர்கோன் போட்டதும் நின்றால்: ஏர்கோன் கம்பிரசர் எஞ்சின் மீது சுமை ஏற்றுகிறது. அதைச் சமாளிக்க ஐட்லிங்கைத் தானாகச் சற்று உயர்த்தும் ஏற்பாடு காரில் உண்டு. அது வேலை செய்யாவிட்டால் எஞ்சின் மூச்சுத் திணறி அடங்கிவிடும்.

மழையிலோ காரைக் கழுவிய பிறகோ குலுங்கினால்: பிளக் வயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி ஆகியவற்றில் விரிசல் விழுந்து ஈரம் புகுந்திருக்கலாம். வெள்ளத்தில் நின்ற கார் என்றால் மின் இணைப்புகள் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். உள்ளே பச்சையாகப் பூத்த செம்பு, பல மாதங்கள் கழித்துக்கூடத் தொல்லை தரும்.

உடல் மட்டும் அதிர்ந்து, எஞ்சின் ஓசை சீராக இருந்தால்: கோளாறு எஞ்சினுக்குள் இல்லாமல், அதைத் தாங்கிப் பிடிக்கும் ரப்பர் மவுண்டிங்கில் இருக்கலாம். சுற்றுகளைக் காட்டும் முள் உள்ள காரில் இதைக் கண்டுபிடிப்பது எளிது. முள் ஆடாமல் கார் மட்டும் அதிர்ந்தால் மவுண்டிங் மீது சந்தேகம். முள்ளும் சேர்ந்து ஏறி இறங்கினால் எஞ்சினில் கோளாறு.

முதலில் ரப்பர் குழாய்கள்

பழைய காரில் தேடலைத் தொடங்க வேண்டிய இடம் ‘வேக்கும் ஹோஸ்’ எனப்படும் சிறு ரப்பர் குழாய்கள். பானெட்டுக்குள் இருக்கும் சூட்டில் இருபது ஆண்டுகளாக வெந்த ரப்பர் இறுகிப்போகும், முனைகளில் வெடிக்கும். கார்புரேட்டர் கார்களில் இத்தகைய குழாய்கள் பல ஓடும். ஒன்று கழன்றிருந்தாலும் ஐட்லிங் கெடும்.

எஞ்சின் ஆறிய பிறகு ஒவ்வொரு குழாயையும் விரலால் மெல்ல வளைத்துப் பாருங்கள். கல் போல இறுகியிருந்தாலோ, வளைத்த இடத்தில் கீறல் தெரிந்தாலோ மாற்ற வேண்டியதுதான். மாற்றும்போது ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் கழற்ற வேண்டாம். ஒன்றைக் கழற்றி, அதே அளவு புதியதைப் போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். முதலில் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால், எது எங்கே போனது என்ற குழப்பம் வராது. இந்தக் குழாய்க்கு மீட்டருக்குச் சில வெள்ளிதான் ஆகும்.

எஞ்சின் ஓடும்போது ‘உஸ்’ என்ற ஓசை கேட்டாலும் கசிவு இருக்கிறது என்று பொருள். சந்தேகப்படும் குழாயின் மீது, பூச்செடிக்குத் தெளிக்கும் போத்தலால் சிறிது தண்ணீர் தெளித்துப் பார்க்கலாம். ஓசையோ ஐட்லிங்கோ கணநேரம் மாறினால் கசிவு அங்கேதான். பிளக் வயர், டிஸ்ட்ரிபியூட்டர், மின் இணைப்புகள் மீது தண்ணீர் படக்கூடாது. சூடான எஞ்சின் மீது கார்புரேட்டர் கிளீனரையோ பெட்ரோலையோ தெளித்துக் கசிவு தேடுவதை வீட்டில் ஒருபோதும் செய்ய வேண்டாம். தீப்பிடிக்கும். சுழலும் பெல்ட்டுக்கும் காற்றாடிக்கும் அருகில் தொளதொளச் சட்டை, சங்கிலி, துப்பட்டா எதுவும் தொங்கக் கூடாது.

எஞ்சின் மூடியில் பொருத்தியிருக்கும் பிசிவி வால்வையும் அதன் குழாயையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். எஞ்சினுக்குள் சேரும் புகையை மீண்டும் எரிய அனுப்பும் சிறு வால்வு அது. கழற்றிக் குலுக்கினால் உள்ளே ‘கடகட’ என்று ஆட வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிப்போயிருந்தால் காற்றுக் கசிவு போலவே ஐட்லிங்கைக் கெடுக்கும்.

இன்னொரு குழாய் மிக முக்கியமானது. எஞ்சினிலிருந்து பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த குழாய் அது. பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் ஐட்லிங் மாறினாலோ, காலடியில் ‘உஸ்’ ஓசை கேட்டாலோ பூஸ்டரில் கசிவு இருக்கலாம். வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். எஞ்சினை அணைத்துவிட்டு பிரேக்கை ஐந்தாறு முறை மிதியுங்கள். பிறகு மிதித்துப் பிடித்தபடியே எஞ்சினைக் கிளப்புங்கள். பிரேக் மிதி காலின் கீழ் சற்றுத் தாழ வேண்டும். தாழவில்லை என்றால் அந்தக் காரைத் தொடர்ந்து ஓட்டாமல் உடனே பட்டறையில் காட்டுங்கள்.

அடுத்தது தீப்பொறி

பிளக் என்பது எஞ்சின் தன் உள்நிலையை எழுதி வைக்கும் சிறு குறிப்பேடு. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு பிளக்குகளைக் கழற்றி, எந்தச் சிலிண்டரிலிருந்து வந்தது என்று தெரியும்படி வரிசையாக வையுங்கள். முனை வெளிர் பழுப்பாக இருந்தால் எல்லாம் நலம். கரி போல வறண்ட கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. காற்று வடிகட்டி அடைத்திருந்தாலும் இப்படி ஆகலாம். எண்ணெய் பூசியது போல ஈரக் கறுப்பாக இருந்தால் எஞ்சின் எண்ணெய் சிலிண்டருக்குள் புகுகிறது. வெளுத்துப் போயிருந்தால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. நான்கில் ஒன்று மட்டும் வேறுபட்டால், கோளாறு அந்தச் சிலிண்டரில்தான் என்று தேடல் பெரிதும் சுருங்கிவிடும்.

பிளக் வயர்களை இருட்டில் பார்ப்பது பழைய மெக்கானிக்குகளின் உத்தி. இரவில் எஞ்சினை ஓடவிட்டு, தொடாமல், தள்ளி நின்று பார்த்தால் கெட்டுப்போன வயரில் நீலப் பொறி தாவுவது தெரியும். ஓடும் எஞ்சினில் பிளக் வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பதை மட்டும் வீட்டில் செய்யாதீர்கள். ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம் அதில் ஓடுகிறது. இன்ஜெக்‌ஷன் கார் என்றால் கணினியும் காயிலும் சேர்ந்து கெடக்கூடும்.

பேட்டரியையும் விட்டுவிட வேண்டாம். எஞ்சின் அணைந்திருக்கும்போது முழுச் சார்ஜில் ஏறத்தாழ 12.6 வோல்ட், ஓடும்போது ஏறத்தாழ 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். அதைவிடக் குறைந்தால் ஆல்டர்னேட்டர் போதுமான மின்சாரம் தரவில்லை. எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையைக் கழற்றி ஆல்டர்னேட்டரைச் சோதிக்கும் பழைய வழக்கம் கணினி உள்ள காருக்கு ஆபத்து.

காற்றுவாயும் ஐட்லிங் வால்வும்

இன்ஜெக்‌ஷன் கார்களில் நிறுத்தும்போது எஞ்சின் அடங்குவதற்கு அடிக்கடி காண்பது அழுக்கான திரோட்டல் பாடி. கதவின் விளிம்பில் கருந்தார் போலப் படியும் அழுக்கு, ஐட்லிங்குக்குத் தேவையான அந்தக் கொஞ்சக் காற்றையும் அடைத்துவிடும். பக்கத்திலேயே ஐஎஸ்சி எனப்படும் ஐட்லிங் வால்வு இருக்கும். ஏர்கோன் போடும்போதும் ஸ்டீரிங் திருப்பும்போதும் தேவைக்கேற்பக் காற்றைக் கூட்டிக் குறைப்பது அதன் வேலை.

இதற்கென்றே விற்கும் திரோட்டல் கிளீனரை மென்மையான துணியில் நனைத்து, எஞ்சின் அணைந்திருக்கும்போது துடைக்க வேண்டும். கம்பி பிரஷ் கூடாது. கேபிள் இல்லாமல் மின்சாரத்தால் இயங்கும் திரோட்டல் என்றால் கதவை விரலால் தள்ளக் கூடாது. அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுவது நல்லது. துடைத்த பிறகு முதலில் ஐட்லிங் சற்று ஏறியோ இறங்கியோ நிற்கலாம். ஏர்கோன் இல்லாமல் பத்து நிமிடம், பிறகு ஏர்கோனுடன் சிறிது நேரம் ஓடவிட்டால் பல கார்களில் கணினி புதிய நிலையைப் பழகிக்கொள்ளும்.

மிட்சுபிஷி வகை எஞ்சின் உள்ள பழைய இன்ஜெக்‌ஷன் கார் வைத்திருப்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். ஐஎஸ்சி மோட்டாருக்குள் இருக்கும் சுருள் கெட்டு மின்சாரம் குறுக்கே பாய்ந்தால், அதை இயக்கும் கணினிப் பலகையும் கருகக்கூடும். கணினியை மட்டும் மாற்றி, கெட்ட மோட்டாரை அப்படியே விட்டால் புதிய கணினிக்கும் அதே கதி. “கணினி போய்விட்டது” என்று பட்டறையில் சொன்னால், “ஐஎஸ்சி மோட்டாரை மீட்டர் வைத்துப் பார்த்தீர்களா?” என்று கேளுங்கள்.

கார்புரேட்டர் காரில் பார்க்க வேண்டியவை வேறு. ஐட்லிங்குக்கு மட்டும் பெட்ரோல் விடும் மிகச் சிறிய துளை ஒன்று உண்டு. தூசி அடைத்தால், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்த மறுகணமே எஞ்சின் நின்றுவிடும். சில கார்புரேட்டர்களில் அந்தப் பாதையைத் திறந்து மூடும் சிறு மின் வால்வு இருக்கும். எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் ‘ஆன்’ செய்தால் அதில் ‘டிக்’ என்ற ஒலி கேட்க வேண்டும். ஒலி இல்லை என்றால், கார்புரேட்டரையே மாற்றச் சொல்லும் முன் அந்த வால்வையும் அதற்குப் போகும் வயரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பெட்ரோல் வழியில் தடை

பெட்ரோல் வடிகட்டியை மாற்றி எத்தனை ஆண்டுகள் ஆயின என்று பலருக்கும் நினைவிருக்காது. தொட்டியில் சேரும் துருவும் தூசியும் அதில்தான் வந்து அடைக்கும். எப்போதும் அடிமட்டப் பெட்ரோலிலேயே ஓடும் காரில், தொட்டிக்குள் இருக்கும் மின் பம்ப் பெட்ரோலில் முழுகிக் குளிர வாய்ப்பில்லாமல் சூடேறும். அதனால் கால் தொட்டியாவது வைத்திருப்பது நல்லது. வெள்ள நீர் ஏறிய கார் என்றால் தொட்டியில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வடிகட்டியை மாற்றும் வேலையில் பெட்ரோல் சிந்தும் என்பதால் சிகரெட், அடுப்பு எதுவும் அருகில் இருக்கக் கூடாது.

திருகாணி மருந்தல்ல

கார் நிற்கிறது என்றதும் பலர் செய்வது ஒன்று உண்டு. ஐட்லிங் திருகாணியைத் திருகி எஞ்சின் சுற்றை ஏற்றிவிடுவது. ஐந்து நிமிட வேலை, பெரும்பாலும் காசும் இல்லை, காரும் நிற்காது. கோளாறு தீர்ந்துவிட்டது போலத் தோன்றும்.

ஆனால், குழாயில் கசிவு இருந்தால் அது அப்படியே இருக்கும்; நாளுக்கு நாள் பெரிதாகும். ஏற்றிய ஐட்லிங்கில் ஆட்டோ கியர் காரை ‘டி’யில் போட்டால் ‘டக்’ என்று குதிக்கும். சமிக்ஞை விளக்கில் பிரேக்கை அழுத்திப் பிடிக்காவிட்டால் முன்னால் இருப்பவர் மீது நகரும். பெட்ரோலும் கூடுதலாக எரியும். காய்ச்சலைப் போக்காமல் காய்ச்சல்மானியை உடைத்துப் போடுவது போன்ற வேலை இது. பிற்பாடு கசிவைக் கண்டுபிடித்து அடைத்தாலும், திருகாணி எங்கே இருக்க வேண்டும் என்பது யாருக்கும் தெரியாமல் போகும். பல இன்ஜெக்‌ஷன் கார்களில் திரோட்டல் கதவின் திருகாணி தொழிற்சாலையிலேயே அளந்து, தொடாதபடி குறியிட்டு வைக்கப்பட்டிருக்கும். காரணத்தைச் சரிசெய்த பிறகு, கடைசியாக ஐட்லிங்கை அளவுக்குக் கொண்டுவருவதுதான் முறை.

எஞ்சினே காரணமாக இருந்தால்

மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தும் குலுங்கினால் கம்பிரஷன் சோதனை செய்யச் சொல்லுங்கள். பிளக் துளையில் மீட்டரைப் பொருத்தி ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளப்பது இது. எல்லாச் சிலிண்டரும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் வெகுவாகக் குறைந்தால் வால்வு, பிஸ்டன் வளையம், ஹெட் கேஸ்கெட் ஆகியவற்றில் கோளாறு இருக்கலாம். டைமிங் பெல்ட் ஒரு பல் நழுவினாலும் எஞ்சின் இப்படித்தான் ஓடும். “எஞ்சின் மாற்ற வேண்டும்” என்று யார் சொன்னாலும் இந்த அளவுகளைக் காட்டச் சொல்லிவிட்டு முடிவெடுங்கள்.

பட்டறையில் கேட்க வேண்டியவை

ஒரு வாரம் குறித்து வைத்த தாளை மெக்கானிக்கிடம் கொடுங்கள். நல்ல மெக்கானிக் அதை மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்வார். “இதை மாற்றுங்கள்” என்று நீங்களே சொல்லாதீர்கள். “இந்த நேரத்தில் இப்படி நிற்கிறது” என்று சொல்லுங்கள். வேலை தொடங்கும் முன் என்ன மாற்றப் போகிறார்கள், எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பி வாங்குங்கள். பாகத்தின் விலையும் கூலியும் தனித்தனியாக எழுதிய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

பணம் வாங்கிக்கொண்டு சொன்ன வேலையைச் செய்யாத பட்டறை மீது பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் புகார் செய்யலாம். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த அந்த மன்றம் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறது. பதிவுக் கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால், கையில் ரசீது இருந்தால்தான் பேச்சு எடுபடும். “தெரிந்தவர்தானே” என்று ரசீது வாங்காமல் வருவதால் இழப்பவர்கள் நம்மில் அதிகம்.

ஓடும்போதே எஞ்சின் நின்றுவிட்டால்

யோங் பெங், ஆயர் ஈத்தாம், சிம்பாங் ரெங்காம், கூலாய் வழியாக ஜொகூர் பாருவுக்கு இறங்கும் முதலாம் கூட்டரசுச் சாலையில் லோரிகளுக்கு நடுவே எஞ்சின் அணைந்தால் பதற்றம் வருவது இயல்பு. முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: எஞ்சின் நின்றதும் பிரேக் உடனே போய்விடாது. பூஸ்டரில் மிச்சமிருக்கும் சக்தி ஓரிரு மிதிக்கு உதவும். அதனால் பிரேக்கை விட்டு விட்டு மிதித்து அதை வீணாக்காமல், ஒரே சீராக அழுத்துங்கள். அதன் பிறகும் பிரேக் பிடிக்கும், ஆனால் மிகவும் பலமாக மிதிக்க வேண்டும். பவர் ஸ்டீரிங் கனத்துவிடும். இரு கைகளாலும் திருப்புங்கள்.

சாவியை முழுவதும் அணைத்துப் பிடுங்கினால் ஸ்டீரிங் பூட்டிக்கொள்ளும். கார் நிற்கும்வரை அதைச் செய்யக் கூடாது. அபாய விளக்கைப் போட்டு, கியரை நியூட்ரலுக்கு மாற்றி, இடது ஓரம் ஒதுங்குங்கள். நின்ற பிறகு எல்லாரும் இறங்கி, தடுப்புக்கு அப்பால் நிற்பது பாதுகாப்பு. பிள்ளைகளைக் காருக்குள் உட்கார வைக்க வேண்டாம். வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் என்றால் பிளஸ் உதவி எண் 1800-88-0000. உயிருக்கு ஆபத்து என்றால் 999.

வீட்டில் சோதிக்கும்போதும் ஒரு கவனம் வேண்டும். சுவர்கள் மூடிய போர்ச்சிலோ கொட்டகையிலோ எஞ்சினை ஓடவிடாதீர்கள். சரியாக எரியாத எஞ்சின் கார்பன் மோனாக்சைடை அதிகமாகக் கக்கும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. கதவை மூடி ஏர்கோன் போட்டுத் தூங்குவது இந்தக் காரணத்தால்தான் உயிரைப் பறிக்கிறது.

பழைய கார் வைத்திருப்பது ஏழ்மையின் அடையாளம் அல்ல. கவனித்துக்கொண்டால் சாகாவும் கஞ்சிலும் இன்னும் பல காலம் பிள்ளைகளைப் பள்ளிக்குச் சேர்க்கும். இந்த வார இறுதியில் எஞ்சின் ஆறியிருக்கும் நேரமாகப் பார்த்து பானெட்டைத் திறந்து, அந்த ரப்பர் குழாய்களை ஒரு முறை வளைத்துப் பாருங்கள். சில வெள்ளிக் குழாய் ஒன்றிலேயே உங்கள் சிக்கல் முடிந்துபோகவும் கூடும்.